நீர் முதலில், மரம் பின்னர்

தொழில் நகரங்களில் மாசகற்றல், பசுமைவெளி என்னும் பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன என்னும் கணக்கே முதலில் முன்வைக்கப்படுகிறது. ஆனால் சிதைந்த நிலத்தை உண்மையில் மீட்டெடுத்தவர்களின் பணியை வரிசைப்படுத்திப் பார்த்தால், கன்று நடுதல் அதில் மூன்றாவது படியாகவே அமைந்திருக்கிறது. முதலில் நீர் ஓடும் வழி, அடுத்து மண், அதன் பின்னரே மரம், இவை மூன்றுக்கும் காவலாகச் சட்டமும் ஊராரும் என்னும் இந்த ஒழுங்கைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கும் மரக்காணம் உப்பளங்களுக்கும் இடைப்பட்ட கடலோரச் செம்மண் மேட்டில் அமைந்த குயிலாப்பாளையமும் அதை ஒட்டி எழுந்த ஆரோவில் நகரமும் ஆகும். இந்த மேட்டில் அரை நூற்றாண்டாக நடந்த வேலை சென்னையின் அடையாற்றுக் கரை வரை சென்று பயன்பட்டிருப்பதால், திருப்பூர், மணலி போன்ற தொழிற்பகுதிகளின் நிலையோடு அதைச் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நகரத் திட்டமிடலுக்கு ஒரு நல்ல அளவுகோலைத் தரும்.

மேடு மொட்டையான விதம்

சோழமண்டலக் கரையில், ராமநாதபுரத்திலிருந்து ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் வரை, கடலை ஒட்டிய குறுகிய நிலப்பட்டையில் ஒரு காலத்தில் பரவியிருந்த இயற்கைக் காட்டைத் தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அழைக்கின்றனர். ஆண்டில் பல மாதங்கள் மழையில்லாமல் கழிந்தாலும் இலையை முற்றிலும் உதிர்க்காமல், தடித்த பளபளப்பான இலைகளோடு, அதிக உயரமின்றி நெருங்கி வளரும் காடு அது. காசான், வீரை, கருங்காலி, பாலை, மகிழம், நாவல் போன்றவை அதன் மரங்கள். விறகுக்கும் கட்டுமானத்துக்கும் உழவுக்குமாக அந்தக் காடு தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டதில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது கோயில்காடுகளாக மட்டுமே ஆங்காங்கே எஞ்சியது. தெய்வத்துக்கு உரியது என்பதால் ஊரார் கத்தி வைக்காமல் காத்த இத்தகைய காட்டுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு நல்ல எடுத்துக்காட்டாகும்.

காட்டை இழந்த மேடு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில், இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணும் அதன் அடியில் இறுகிய செம்புரைப் படிவமுமாகக் கிடந்தது. இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பெரும்பகுதி ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிய சில வாரங்களில், வடகிழக்குப் பருவமழையாக வேகமாகக் கொட்டிவிடுகிறது. இலைத் தழையோ வேரோ இல்லாத நிலத்தில் அந்த மழை உள்ளே இறங்க இயலாமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடியதால், ஆழமான பள்ளங்களும் பிளவுகளும் தோன்றின. மழைநாளில் செந்நீராகக் கடலில் கலந்தது, பல நூற்றாண்டுகளில் உருவான விளைமண்ணேயாகும். மண் போன இடத்தில் நிலத்தடி நீர் ஊறுவதும் குறைந்தது. ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டார்களும் பெருகிய பிறகு, நன்னீர் மட்டம் இறங்க இறங்கக் கடல்நீர் நிலத்துக்குள் ஏறும் உவர்நீர் ஊடுருவல் என்னும் ஆபத்தும் இக்கரையோரம் முழுவதற்கும் பொதுவாயிற்று.

கரையில் தொடங்கிய காடு

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரம் இந்த மேட்டில் தொடங்கிவைக்கப்பட்டபோது, அங்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வீடு கட்டுவதற்கும் முன்பாக நிழலும் நீரும் தேவைப்பட்டன. நட்ட கன்றுகளை வெயிலும் ஆடுமாடுகளும் முடித்துவிட்ட தொடக்க ஆண்டுகளின் தோல்வியிலிருந்து, பெய்யும் மழை பெய்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்னும் முதல் விதி பிறந்தது. அதன்படி நிலத்தின் சரிவைப் பார்த்து, ஒரே மட்டத்தில் உள்ள இடங்களை இணைத்து மண்கரைகள் எழுப்பப்பட்டன. பள்ளங்களின் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டப்பட்டன. தாழ்ந்த இடங்களில் குளங்கள் வெட்டப்பட்டன. இந்த வேலையில் உள்ளூர்க் கிராமங்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. ஏரிக்கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவற்றால் நீரை மேலிருந்து கீழாகப் பகிர்ந்துகொண்ட தமிழக ஏரிப் பாசன அறிவின் நெருங்கிய உறவாகவே இந்தக் கரைகளைக் கருதலாம்.

மண் நின்ற பிறகு வந்த முதல் மரங்கள் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளின் வழியே மண்ணில் சேர்க்கும் திறனுடைய, விரைவில் வளர்ந்து ஏராளமாக இலையுதிர்க்கும் ஆஸ்திரேலிய வேலமரவகை ஒன்று பெருமளவில் நடப்பட்டது. அதன் நிழலிலும் தழையிலும் மண் ஓரளவு உயிர்பெற்ற பின்னரே, கோயில்காடுகளிலிருந்து சேகரித்த விதைகளால் உருவாக்கிய நாட்டு மரக்கன்றுகள் உள்ளே கொண்டுவரப்பட்டன. 1973இல் தொடங்கப்பட்டு இன்று ஏறத்தாழ 70 ஏக்கரில் விரிந்துள்ள பிச்சாண்டிக்குளம் காடு, இந்த நாட்டு மரங்களையும் மூலிகைகளையும் பெருக்கும் மையமாக வளர்ந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, விரைந்து வளர்ந்த அயல்மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மெதுவாக வளர்ந்து ஆழமாக வேரூன்றிய நாட்டு மரங்கள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. எந்த மரத்தை முதலில் நடுவது, எதை நிலையாக விட்டுவைப்பது என்னும் கேள்விக்குப் புயலே விடை எழுதிச் சென்றது எனலாம்.

இந்த மேட்டில் மண்ணுக்குள் இறங்காத நீர் ஒருபுறம் வங்கக் கடலுக்கும், மறுபுறம் வடக்கே மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஏரிக்கும் செல்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரை வாங்கி, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு உறவாடும் இந்த உவர்நீர்ச் சதுப்பு, 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024 ஆகஸ்டில் ராம்சர் தலமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மேட்டில் மண் அரிக்கப்பட்டால் கீழே சதுப்பு தூர்ந்துபோகும் என்பதால், காடும் ஏரியும் உப்பளமும் மீன்பிடியும் ஒரே நீர்ச்சங்கிலியின் கண்ணிகளாகவே இங்கு அமைந்துள்ளன.

அடையாற்றுக்குச் சென்ற அறிவு

கிராமப்புற மேட்டில் பயின்ற இந்த ஒழுங்கு பெருநகரத்தின் நடுவிலும் செல்லுபடியாகுமா என்னும் கேள்விக்கு, சென்னையின் அடையாற்று உப்பங்கழி ஒரு சோதனைக் களமாயிற்று. ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துப் பிரியும் இந்தக் கழியில் அலை ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வந்து செல்லும். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இத்தகைய இடங்களே மீன்குஞ்சுகளின் தொட்டிலாகவும் பறவைகளின் உணவுக்களமாகவும் விளங்குபவை. நகரம் நெருங்கிய காலத்தில் அங்கே குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டன, கழிவுநீர் கலந்தது, சீமைக்கருவேலம் புதராக மண்டியது.

அதை மீட்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2006இல் அடையாறு பூங்கா அறக்கட்டளையை நிறுவியது. பின்னாளில் சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறிய அமைப்பு இதுவே. முதல் கட்டமாக 58 ஏக்கருக்கான சீரமைப்புத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு, செம்மண் மேட்டில் காடு வளர்த்த பிச்சாண்டிக்குளம் குழுவுக்குச் சென்றது. இடிபாடுகளை அகற்றி நீர்ப்பரப்பைத் தோண்டி ஆழப்படுத்துதல், அலைநீர் வந்துபோகும் வழியைத் திறத்தல், அயல்தாவரங்களை நீக்குதல், அதன் பின்னர் நீர்விளிம்பில் அலையாத்தி மரங்களையும் மேட்டில் உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களையும் நடுதல் என்று பணிகள் வரிசையாக அமைந்தன. அலையாத்தி என்பது உப்புச் சேற்றில் மூச்சுவேர் விட்டு நிற்கும் கழிமுக மரங்களின் பொதுப்பெயர். சேற்றைப் பிடித்துவைத்து அலையின் வேகத்தைத் தணிப்பதால் கரைக்கு அவை உயிருள்ள சுவராகின்றன. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரோடு இப்பகுதி திறக்கப்பட்டது. சீரான புல்தரையும் வண்ணப் பூச்செடிகளும் செயற்கை நீரூற்றும் கொண்ட வழக்கமான பூங்காவிலிருந்து விலகி, கழிமுகச் சூழலையே பூங்காவாக ஏற்றுக்கொண்டது இதன் தனிச்சிறப்பு.

எனினும் மேலிருந்து வரும் ஆற்றில் கழிவுநீர் கலக்கும் வரையில், கீழே ஐம்பது அறுபது ஏக்கரை மட்டும் தூய்மையாக வைத்திருப்பது முடிவில்லாத வேலையாகவே இருக்கும். மழைநீர் வடிகாலுக்குள் வீட்டுக் கழிவுநீர் இணைப்பைச் சேர்த்துவிடும் வழக்கமே நகர ஆறுகளின் நோய்க்கு முதன்மைக் காரணம் என்பதால், பூங்காவின் வெற்றியும் தோல்வியும் அதன் வேலிக்கு வெளியே, பல கிலோமீட்டர் மேற்கே உள்ள தெருக்களில்தான் முடிவாகின்றன.

உப்பும் சாயமும்

இயற்கைச் சிதைவை விடக் கடினமானது தொழிற்கழிவு. இதைப் புரிந்துகொள்ளத் திருப்பூரைப் பார்க்க வேண்டும். பின்னலாடைத் துணியில் சாயம் நன்கு பற்றுவதற்காகச் சாயத் தொட்டியில் பெருமளவு உப்பு சேர்க்கப்படுகிறது. சாயமேறிய பின் அந்த உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறி நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியதில், அணையின் நீரை வயலுக்குத் திறந்துவிடவே உழவர்கள் அஞ்சும் நிலை வந்தது. நிறத்தை வடிகட்டிவிடலாம், துர்நாற்றத்தையும் நீக்கிவிடலாம், ஆனால் நீரில் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு எதுவும் அகற்றாது.

உழவர்கள் தொடுத்த நீண்ட வழக்குகளின் முடிவில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை அடையாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. இந்த முறையில், கழிவுநீர் நுண்துளைச் சவ்வுகளின் வழியே அழுத்தப்பட்டு நன்னீர் பிரிக்கப்பட்டு மறுபடியும் சாயத் தொட்டிக்கே செல்கிறது. எஞ்சும் அடர்ந்த உப்புநீர் ஆவியாக்கிகளில் கொதித்து உப்பாகப் பிரிகிறது. மரக்காணத்தின் உப்பளப் பாத்திகளில் வெயில் கூலியின்றிச் செய்யும் வேலையைத் திருப்பூரில் எரிபொருளும் மின்சாரமும் செய்கின்றன. மாசைத் தடுப்பதற்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள், தடுக்காத காலத்தில் அந்தச் செலவை ஆற்றோரத்து உழவர்களே தம் நிலத்தால் செலுத்திவந்தனர் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாசின் வாயை அடைத்த பிறகே பசுமைக்குப் பொருள் கிடைக்கிறது. 2015 முதல் ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்னும் முயற்சியின் வழியே தொழில்முனைவோரும் உழவர்களும் இணைந்து லட்சக்கணக்கான மரக்கன்றுகளை அங்கே வளர்த்துவருகின்றனர். நகரை அடுத்த நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் மரக்காணத்தின் கழுவேலியோடு ஒரே வேளையில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சாய நகரத்தின் குளமும் உப்பள ஊரின் ஏரியும் ஒரே நாளில் ஒரே தகுதியைப் பெற்றது, தொழில் நகரத்துக்கும் மீட்சி உண்டு என்னும் நம்பிக்கையைத் தருகிறது.

அந்த நம்பிக்கை எல்லா இடத்துக்கும் இன்னும் எட்டவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் 88 தொழிற்பகுதிகளைக் காற்று, நீர், நிலம் ஆகியவற்றின் மாசைக் கொண்டு மதிப்பிட்டு, 70க்கு மேல் குறியீட்டு எண் பெற்ற 43 பகுதிகளைக் கடும் மாசுற்றவை என்று வகைப்படுத்தியது; தமிழ்நாட்டில் வேலூர் 81.79, கடலூர் 77.45, மணலி 76.32, கோயம்புத்தூர் 72.38 என்னும் எண்களோடு அதில் இடம்பெற்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து மீனவர்களின் படகையும் வலையையும் அலையாத்தி மரங்களையும் கறுப்பாக்கியது. தாழ்ந்த சதுப்பு நிலத்தில் தொழிற்சாலைகளை நெருக்கமாக அமைத்து, வெள்ளம் செல்லும் வழியைக் குறுக்கியதன் விலையை அன்று கழிமுகமே சுமந்தது.

ஜெர்மனி காட்டிய பொறுமை

ஒரு தொழிற்பகுதியை முழுவதுமாக மீட்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ரூர் வட்டாரம் அளவாக நிற்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களால் தரை இறங்கிக்கொண்டே இருந்ததால் அங்கே நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் பதிக்க இயலவில்லை. ஆகவே எம்ஷர் ஆறே கான்கிரீட் கால்வாயாக்கப்பட்டு, நூறாண்டுக் காலம் திறந்த சாக்கடையாக ஓடியது. சுரங்கங்கள் மூடிய பிறகு 1992இல் தொடங்கிய பணியில், 51 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடிக் கழிவுநீர்ப் பாதை கட்டப்பட்டு, 2021இன் இறுதியில்தான் ஆற்றில் கழிவுநீர் கலப்பது முற்றிலும் நின்றது. அதே வட்டாரத்தின் டுயிஸ்பர்க் நகரில், 1985இல் மூடப்பட்ட இரும்பாலையை இடித்துத் தள்ளாமல், பீட்டர் லாட்ஸ் என்னும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் அதையே பொதுப் பூங்காவாக்கினார். நச்சு மிகுந்த மண் மூடி முத்திரையிடப்பட்டது. மாசு குறைந்த இடங்களில் தாவரங்களும் நுண்ணுயிர்களும் தம் வேகத்தில் அதைச் சிதைக்கவும் உறிஞ்சவும் விடப்பட்டன. தாவரவழி மாசகற்றல் எனப்படும் இந்த முறை செலவு குறைந்தது, ஆனால் பல ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமையைக் கேட்பது.

வட்டமும் ஓடையும்

நகரத் திட்டம் என்பது எதிர்காலத்தைத் தாளில் வரைவது. அந்தத் தாள், நிலத்தில் ஏற்கெனவே நீரால் வரையப்பட்ட கோடுகளை மதிக்கிறதா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே வரைந்த ஆரோவில் திட்டத்தில், 50,000 பேருக்கான நகரம் 1.25 கிலோமீட்டர் ஆரமுடைய வட்டத்துக்குள் அடங்க, அதைச் சுற்றி அதே அகலத்துக்குப் பசுமை வளையம் அமைகிறது. ஆகவே மொத்தப் பரப்பில் நான்கில் மூன்று பங்கு காட்டுக்கும் வயலுக்கும் நீருக்கும் ஒதுக்கப்படுகிறது. தொழில், குடியிருப்பு, பண்பாடு, பன்னாடு என்னும் நான்கு பகுதிகளை இணைக்கும் வட்டமான கிரவுன் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் அகற்றப்பட்டபோது, நகருக்குள்ளேயே கருத்து வேறுபாடு வெடித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை பணிகளுக்குத் தடை விதிக்க, உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த ஆணையை நீக்கியது. சட்டப்படி வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் அறுபதுகளில் மொட்டை மேட்டைப் பார்த்து வரைந்த வட்டம், அரை நூற்றாண்டுக்குப் பின் காடும் ஓடையும் நிறைந்த மேட்டின் மீது விழும்போது, எது எதற்காக வளைய வேண்டும் என்னும் கேள்வி எல்லா நகரங்களுக்கும் பொதுவானதாக நிற்கிறது. திட்டத்தில் உள்ள கோட்டைச் சில மீட்டர் நகர்த்த முடியும். நீர் தானாக வகுத்துக்கொண்ட பாதையை நகர்த்தினால் அதன் விளைவை அடுத்த பருவமழை காட்டிவிடும்.

இந்த அறிவைச் செயலாக்குவதற்கான சட்டக் கருவிகள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உள்ளன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை உருவாக்குபவர் அதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கூறுகின்றன. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெரிய தொழிற்சாலைகளின் வளாகத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கு பசுமைப் பகுதியாக இருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. ஒவ்வொரு நகரவாசிக்கும் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை திறந்தவெளி தேவை என்கிறது மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி. குறை விதியில் இல்லை. ஒதுக்கப்படும் நிலம் எங்கே அமைகிறது என்பதிலேயே இருக்கிறது. மனைப் பிரிவின் மூலையில் எதற்கும் உதவாத துண்டாக ஒதுக்குவதை விட்டு, அந்த இடத்தின் தாழ்ந்த பகுதியில், பழைய வாய்க்காலை ஒட்டி, அடுத்த மனைப் பிரிவின் ஒதுக்கீட்டோடு தொடர்ச்சியாக அமைத்தால், அதே பத்து விழுக்காடு வெள்ள வடிகாலாகவும் நிலத்தடி நீர் ஊறும் இடமாகவும் குழந்தைகள் விளையாடும் திடலாகவும் ஒருங்கே பயன்படும்.

இன்று குயிலாப்பாளையமும் சிறு நகரமாகவே மாறிவருகிறது. கடைகளும் விடுதிகளும் பட்டறைகளும் பெருகிய சாலையின் குப்பையும் கழிவுநீரும் அதே செம்மண் ஓடைகளில்தான் சென்று சேரும். கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுகையின் வழியே கழிவுநீரை மெதுவாகச் செலுத்தி, வேரையொட்டிய நுண்ணுயிர்களால் தூய்மையாக்கும் பரவல்முறைச் சுத்திகரிப்பு ஆரோவில்லில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பதால், அதை ஊராட்சிகள் தம் தெருக்களுக்குக் கொண்டுவர வெளியூர் நிபுணர்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு ஊராட்சியும் நகர்மன்றமும் அடுத்த மரம் நடு விழாவுக்கு முன்பாக ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும்: தம் எல்லைக்குள் மழைநீர் எங்கே தோன்றி, எந்த வாய்க்காலில் ஓடி, எந்த ஏரியில் நின்று, எங்கே கலங்கல் வழிந்து செல்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்து வரைபடமாக்கி, அந்த வரைபடத்திலுள்ள நீர்வழிகளைச் சட்டப்படி கட்டடம் எழக்கூடாத நிலமாக அறிவிக்க வேண்டும். அந்தக் கோடுகள் காக்கப்பட்ட இடத்தில் மரம் நிலைக்கும். குயிலாப்பாளையத்தின் செம்மண் மேட்டில் இன்று நிற்கும் காட்டுக்கு முதலில் இடப்பட்டது விதையன்று, ஒரு முழ உயர மண்கரை.